எந்தக் கிட்டார்?

“அந்தக் கிட்டார் உள்ளே வர்ற இடத்துல உங்களுக்கு எப்படி இருக்கும் மேடம்?” என்று கௌதம் கேட்டார்.

“எந்தக் கிட்டார்?” என்றேன் நான்.

ஹால் முழுக்கச் சிரித்தது.

போன சாரலில் நடந்தது இது. குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையில் ஒரு தங்கும் விடுதியின் மாடி ஹால். வாசலில் ஈரச் செருப்புகள் குவிந்து கிடந்தன. நாற்காலிகளுக்குப் போட்டிருந்த வெள்ளை உறைகூட நமுத்துப் போயிருந்தது. சென்னை, கொச்சி, பெங்களூரு என்று எங்கிருந்தெல்லாமோ இங்கிலீஷ் பாட்டு ரசிகர் கூட்டத்துக்கு வந்த இளைஞர்கள். பெரும்பாலும் கறுப்பு டீ-ஷர்ட். கையில் மிளகாய் பஜ்ஜித் தட்டு. மேடையில் நான் கஞ்சி போட்ட பருத்திச் சேலையில், மைக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் என் கணவர், கச்சேரிக்கென்று வைத்திருக்கும் வெள்ளைச் சட்டையில்.

அது கெட்ட சிரிப்பு இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். குழந்தை ஒன்று எழுத்துகளை வரிசை மாற்றிச் சொன்னால் நாம் சிரிப்போமே, அந்த மாதிரி அன்பான சிரிப்பு. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. கெட்ட சிரிப்பாக இருந்திருந்தால் அங்கேயே பதில் சொல்லியிருப்பேன்.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் பகவதி. தென்காசியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தென்காசி தனி மாவட்டம் ஆனதும், கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்க வருகிறவர்கள் கூடினார்கள். எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் நகல் வேண்டியிருந்தது. கடை அப்படிப் பிழைத்தது. கணவர் அருணாசலம் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறார். கோயில் கொடை விழா, கல்யாண வரவேற்பு என்று ஓடிக்கொண்டிருப்பார். கச்சேரி இல்லாத நாளில் கடையில் வந்து உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

அப்படி அவர் உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான், அந்த ரசிகர் கூட்டத்தை நடத்துகிற கௌதம், வருகிறவர்களின் அடையாள அட்டைகளை விடுதிக்காக நகல் எடுக்க என் கடைக்கு வந்தார். கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இந்தப் பாட்டு… இதைத் தென்காசியில யார் கேட்கிறா?” என்று கேட்டார். கேட்டது என்னிடம் அல்ல. மெஷினுக்கு முன்னால் நின்றது நான், பாட்டை வைத்தது நான். அவர் என் தோளைத் தாண்டி, பேப்பர் படித்துக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்துக் கேட்டார்: “சார், இது உங்க கலெக்ஷனா?”

“நம்ம மியூசிக் ஃபீல்டுதான் தம்பி” என்றார் இவர்.

“நான்தான் கேப்பேன்” என்றேன் நான்.

“ஓ! சார் உங்களையும் பழக்கிட்டாரா!” என்றார் கௌதம், முகமெல்லாம் மலர. இரண்டு பேரும் கூட்டத்தில் வந்து பேச வேண்டும் என்று அழைத்துவிட்டுப் போனார்.

பழக்கிவிட்டாராம். காபி குடிக்கப் பழக்குவது போல.

தண்ணீருக்கு அடியில்

போஸ்ட் பங்க் என்று அந்த வகைப் பாட்டுக்குப் பெயர். பங்க் என்று ஒரு கத்தல் இசை இங்கிலாந்தில் வந்து, கொஞ்ச காலம் ஆடி ஓய்ந்தது. அதன் பின்னால் வந்தவர்கள் அந்தக் கோபத்தை மட்டும் எடுத்துக் குளிரவைத்துக்கொண்டார்கள். பேஸ் கிட்டாரை, அதாவது அடிக்குரலில் ‘தும் தும்’ என்று போகும் தடித்த தந்திக் கிட்டாரை, எல்லாவற்றுக்கும் முன்னால் நிறுத்தினார்கள். பாடுவதற்குப் பதில் பேசினார்கள், முறைத்தார்கள், புலம்பினார்கள். அவ்வளவுதான். பயப்பட ஒன்றுமில்லை.

இது எப்படி உனக்குப் பிடித்தது என்று கேட்காதவர்கள் கிடையாது. ‘யார் சொல்லிக்கொடுத்தது’ என்று கேட்காதவர்கள் கிடையவே கிடையாது. பதில் யாருக்கும் வேண்டாம். ஓர் ஆணின் பெயர் வேண்டும். அண்ணனா, காலேஜில் யாராவது பையனா, வீட்டுக்காரரா?

என் காதைப் பழக்கியது குற்றாலத்து அருவி. அது யாருடைய கலெக்ஷனும் இல்லை.

அப்பா போலீஸ் கான்ஸ்டபிள். சாரல் மாதங்களில் பேரருவியில் காவல். எங்கள் வீடு அருவிச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்தது. ஆனி, ஆடியில் தண்ணீர் நன்றாக விழும் நாட்களில் வீட்டுக்குள் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்பதற்குக் குரலை உயர்த்த வேண்டும். ரேடியோவில் பாட்டுப் போட்டால் வயலின், புல்லாங்குழல், பாடுகிறவரின் சங்கதி எல்லாம் அந்த இரைச்சலில் கரைந்துபோகும். அடியில் போகும் தாளம் மட்டும் எங்களிடம் வந்து சேரும். மற்ற வீட்டுப் பிள்ளைகள் மெட்டை முணுமுணுத்துக்கொண்டு வளர்ந்தார்கள். நான் சுவரில் விரலால் தட்டிக்கொண்டு வளர்ந்தேன். பாட்டு என்றால் அடியில் போவது. மேலே போவதெல்லாம் தண்ணீர்.

இன்னொன்று, அப்பாவின் விசில். தண்ணீர் திடீரென்று முரட்டுத்தனமாக வந்தால் அப்பா விசில் அடிப்பார். ஒரே சுரம். அதில் ராகம் கிடையாது, இனிமை கிடையாது. ஆனால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கிற கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும், விலகும். இனிமையாக இல்லாத ஒரு சத்தத்துக்கு மனிதர்கள் மரியாதை கொடுப்பதை நான் முதலில் பார்த்தது அங்கேதான்.

பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தபோது டீச்சர் என் பெயரை அடித்துவிட்டு, “பொம்பளப்புள்ள குரல்னா கொஞ்சமாவது குழைய வேண்டாமா?” என்றார். எதற்குக் குழைய வேண்டும்? சோறா?

பெயரில்லாத பாட்டுகள்

காலேஜுக்குப் போகும் வயதில் எனக்கு ஒரு பழைய செல்போன் கிடைத்தது. அந்தக் காலத்தில் பாட்டு வேண்டுமென்றால் செல்போன் கடையில் மெமரி கார்டைக் கொடுத்தால் ஏற்றித் தருவார்கள். தென்காசியில் ஒரு கடையில் பழைய கார்டு ஒன்றை வாங்கினேன். கடைக்காரர் அதைக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தார்.

“யாரோ உள்ள இங்கிலீஷ் பாட்டா வச்சிருக்காவ. அழிச்சிரட்டுமா பிள்ள?”

“அழிக்காதீங்க. இருக்கட்டும்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. கிடைத்ததை அழிப்பானேன் என்ற எண்ணம்தான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பாட்டுகளுக்குப் பெயர் இல்லை. வெறும் எண்கள். யார் பாடினார்கள், எந்த ஊர், எந்த வருஷம், ஆள் பார்க்க எப்படி இருப்பார்கள், ஒன்றும் தெரியாது. எது பெரிய பாட்டு, எது ஒதுக்கப்பட்ட பாட்டு என்று எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. நானே பெயர் வைத்தேன். ஒன்று ‘புளியறை லாரி’. கேரள எல்லையில் புளியறை மேட்டில் செக்போஸ்டுக்கு முன்னால் வரிசையில் நிற்கிற லாரிகள் உறுமுமே, அந்த பேஸ். ஒன்று ‘கோபக்காரி’. அதில் ஒரு பெண் பாடுகிறாள், பாடுகிறாள் என்றா சொல்வது, சண்டை போடுகிறாள். சுருதி விலகுகிறது; அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. யாரும் தன்னை விரும்ப வேண்டும் என்று அவள் கெஞ்சவில்லை. அதுவரை நான் கேட்ட பாட்டுகளில் பெண் குரல் என்றால் தேனாக இருக்கும், ஏங்கும், கொஞ்சும். இப்படியும் ஒரு பெண் வாய் திறக்கலாமா என்று திருநெல்வேலி பஸ்ஸில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வார்த்தை பாதிக்கு மேல் புரியவில்லை. கோபம் முழுக்கப் புரிந்தது.

பல வருஷம் கழித்து இன்டர்நெட்டில் தேடித் தேடி ஒவ்வொன்றுக்கும் உண்மையான பெயரைக் கண்டுபிடித்தேன். எனக்கு உயிரான பாட்டுகள் பலவற்றை அங்கே யாரும் மதிக்கவில்லை. ‘சுமார்’ என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் தூக்கிவைத்துக் கொண்டாடிய சிலது எனக்கு வெறும் சத்தமாக இருந்தது. அதனால் எனக்கு ரசனை இல்லை என்று ஆகுமா? பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டவர்களுக்கு இருப்பது ரசனை, பட்டியல் இல்லாமல் கேட்டவளுக்கு இருப்பது அறியாமையா?

ஒரு காது எனக்கு

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம்.

நான் இந்தப் பாட்டுகளை, ஒரே ஒரு மத்தியானம் தவிர, எப்போதுமே ஒற்றைக் காதில்தான் கேட்டிருக்கிறேன். வலது காதில்.

முதலில் அப்பாவுக்குத் தெரியாமல். வலது பக்கம் சாய்ந்து உட்கார்ந்து முடியை இழுத்து விட்டுக்கொண்டால் ஒயர் தெரியாது. பிறகு பஸ்ஸில். பஸ்ஸில் ஒரு பெண் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு உட்கார முடியுமா? பின் சீட்டில் இருக்கிறவன் என்ன செய்கிறான், பக்கத்தில் நிற்கிறவன் எவ்வளவு நெருங்கிவிட்டான் என்று ஒரு காது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆண்கள் இதைப் படித்துவிட்டு ‘அப்படியா’ என்பார்கள். பெண்கள் சும்மா தலையாட்டுவார்கள்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் மத்தியானம் ஆசையாக இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏதோ ஒரு பாட்டு அப்போதுதான் தொடங்கியிருந்தது. அத்தை, அதாவது மாமியார், மோர் கேட்டுக் கூப்பிட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. மோர்தான். வேறொன்றுமில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அதுதான் பேச்சு.

“வீட்டுப் பொம்பள காத அடைச்சுக்கிட்டு இருந்தா அந்த வீடு என்னத்துக்கு ஆவும்? நீயே சொல்லு!”

அன்றிலிருந்து வீட்டிலும் ஒற்றைக் காது. வலது காது எனக்கு, இடது காது வீட்டுக்கு. குக்கர் விசில், தண்ணீர் மோட்டார், வாசலில் பால், அத்தையின் கூப்பாடு, மகள் பிறந்த பிறகு அவள் அழுகை, எல்லாம் இடது காதுக்கு.

அதே வீட்டில் என் கணவர் கீபோர்டு பழகும்போது காது மடல் முழுக்க மூடுகிற பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அறைக் கதவையும் சாத்திக்கொள்வார். “அவன் சாதகம் பண்ணுதான், யாரும் சத்தம் போடாதீங்க” என்பார் அத்தை. வீடு என்னத்துக்கு ஆகும் என்று அப்போது யாரும் கேட்டதில்லை.

கடை வந்த பிறகு ஒரு பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் ஜோடி வாங்கிப் போட்டேன். அதில் இடது பக்கத்து ஸ்பீக்கர் வாங்கும்போதே செத்துக்கிடந்தது. எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. எனக்குப் பழக்கமான பாட்டுதான் கேட்டுக்கொண்டிருந்தது.

பழைய ஒலிப்பதிவுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கருவியை முழுக்க ஒரு பக்கத்தில் தள்ளி வைத்துவிடுவார்கள். நான் ‘புளியறை லாரி’ என்று பெயர் வைத்திருந்த பாட்டில் பேஸ், டிரம், குரல் எல்லாம் வலது காதிலும் கேட்கும். ஒரு கிட்டார் மட்டும் முழுக்க முழுக்க இடது பக்கம். எனக்கு அது தெரியாது. எப்படித் தெரியும்?

கௌதம் அந்த ஹாலில் கேட்டது அந்தக் கிட்டாரைத்தான்.

ஹாலில் நடந்தது

சிரிப்பு அடங்கியதும் கௌதம் பொறுமையாக எனக்கு விளக்கினார். அந்தக் கிட்டார்தான் பாட்டின் ஆன்மா என்றார். ஒரு தலைமுறையே அதைக் கேட்டுத்தான் கிட்டாரைக் கையில் எடுத்தது என்றார். முன்வரிசையில் ஒரு பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் எனக்கு உறுத்துகிறது.

“என் காதுல அது விழுந்ததே இல்ல. பேஸ் விழுந்திருக்கு. அந்த டிரம் ஒரு இடத்துல ஒரு அடி தவறும், அது விழுந்திருக்கு” என்றேன். அந்தத் தவறிய அடிக்காகவே நான் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பேன். அதைச் சொல்ல ஆரம்பித்தேன். ஆனால் மைக்கை அதற்குள் இவர் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

“சார், நீங்களாவது சொல்லியிருக்கலாமே?” என்று கௌதம் கேட்டார்.

என் கணவர் சிரித்தார். அந்த மேடையில், அந்த வெள்ளைச் சட்டையில், நிதானமாகச் சிரித்தார். “அவளுக்கு அவ்வளவு நுணுக்கமெல்லாம் தெரியாது தம்பி. நம்ம கேக்கும்போது கூட இருந்து கேட்டுக்கிடுவா.”

நம்ம கேக்கும்போது!

இந்த மனிதர் அந்தப் பாட்டுகளில் ஒன்றைக்கூட முழுதாகக் கேட்டதில்லை. ‘பல்வலிக்காரன் கச்சேரி’ என்று கேலி செய்கிறவர். கடைக்கு வந்தால் முதல் வேலையாக ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்கிறவர். அவர் அடுத்து ஏதோ சொன்னார், கீபோர்டில் அந்தக் காலத்தில் என்னென்ன சத்தம் எடுத்தார்கள் என்று. எல்லோரும் கேட்டார்கள். கை தட்டினார்கள். நான் பக்கத்து நாற்காலியில் சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது, அழுகைதான் முந்திக்கொண்டு வரும். அந்தக் கூட்டத்தின் முன்னால் அழுவதைவிட வாயை மூடிக்கொள்வது மேல் என்று இருந்துவிட்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போது, “நல்லாப் போச்சுல்லா?” என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சாரலில் தலை வலிக்கிறது போல என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இடது காது

மறுநாள் காலையில் வழக்கத்தைவிட முன்னாலேயே கடைக்குப் போனேன். ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து, இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டைப் போட்டேன்.

கிட்டார் வந்தது.

கண்ணாடித் துண்டுகளைக் கொட்டினால் வருமே, அப்படி ஒரு கூர்மையான சத்தம், இடது பக்கத்திலிருந்து. அழகாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. கேட்டுக்கொண்டே இருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிட்டாரின் அழகுக்காக வந்த கண்ணீர் இல்லை. இத்தனை வருஷம் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. என் இடது பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில். அந்த இடத்தில் நான் குக்கர் விசில் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த வாரம் எல்லாப் பாட்டையும் புதிதாகக் கேட்டேன். ‘கோபக்காரி’க்கு இடது பக்கம் இன்னொரு பெண் குரல் இருந்தது. அவளும் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இவள் தனியாக இல்லை என்று தெரிந்தபோது கடையில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். சில பாட்டுகள் எனக்குக் கெட்டுப்போயின. தேவையில்லாத அலங்காரம் நிறைய இருந்தது.

‘புளியறை லாரி’யைப் பற்றிக் கேட்கிறீர்களா? எனக்கு அந்தக் கிட்டார் இல்லாத பாட்டுதான் பிடித்திருக்கிறது. இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். கிட்டார் வந்ததும் அந்தத் தவறிய டிரம் அடி மறைந்துவிடுகிறது. ஒரு தலைமுறை கிட்டாரை எடுத்திருக்கலாம். எடுத்துக்கொள்ளட்டும்.

ஆனால் ஒன்று. நான் ஒற்றைக் காதில் கேட்டதால் எனக்கென்று ஒரு ரசனை வந்தது, அது எவ்வளவு அழகு என்று யாராவது என்னிடம் சொல்ல வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவேன். ரசனை என்னுடையது, சரி. ஒற்றைக் காது நான் கேட்டு வாங்கியது இல்லை.

ஒரே வீடு

கொஞ்ச நாளில் அந்தக் கூட்டத்தைப் பற்றி கௌதம் ஓர் இணையப் பத்திரிகையில் எழுதினார். எனக்கு அது எப்படித் தெரியும் என்கிறீர்கள்? கடைக்கு வந்த குழுப் பாடகர் ஒருவர், “மைனி, அண்ணாச்சி பெரிய ஆளாயிட்டாரு!” என்று சொல்லி செல்போனை நீட்டினார். கணவர் அதைக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார். எனக்கு அனுப்பவில்லை.

கீபோர்டுடன் இவர் படம். ‘தென்காசியின் மெல்லிசைக் கலைஞர் ஒருவர் பல வருஷங்களாகச் சேகரித்து வைத்திருக்கும் போஸ்ட் பங்க் உலகம்’ என்று எழுதியிருந்தது. நான் வைத்த ‘புளியறை லாரி’ என்ற பெயர் அதில் இருந்தது. இவர் வைத்த பெயராக.

மத்தியானம் இவர் கடைக்கு வந்தார். சிட்டா நகல் எடுக்க வந்த ஒரு பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்க முடியவில்லை.

“என்னங்க இது?”

“அந்தப் பையன் எழுதியிருக்கான். நல்லாத்தான இருக்கு?”

“இதுல நா எங்கன இருக்கேன்?”

“இந்தா, கீழ போட்டிருக்காம்லா. ‘அவரது மனைவியும் இந்த இசையை விரும்பிக் கேட்கிறார்’னு.”

“மனைவி‘யும்’!”

“அவன் எழுதுனதுக்கு நா என்னட்டி செய்ய? யாரு பேரு வந்தா என்ன, எல்லாம் ஒரே வீடுதான?”

“சரி. வாற வாரம் ஆய்க்குடில கச்சேரி இருக்குல்லா? அங்கன கீபோர்டு வாசிக்கது பகவதின்னு மைக்ல சொல்லச் சொல்லட்டா? ஒரே வீடுதான?”

அவருக்கு முகம் மாறியது. “அதும் இதும் ஒண்ணா? அது என் தொழிலு.”

“இது என் காது.”

பெரியவர் மெல்ல எழுந்தார். “ஏம்மா, நா பொறவு வரட்டா?”

“இருங்க அண்ணாச்சி, இப்ப முடிஞ்சிரும்” என்று சொல்லிவிட்டு இவரிடம் திரும்பினேன். “இதுல ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு, பாடிக் காட்டுங்க. பாட வேண்டாம், முணுமுணுங்க. சேகரிச்சு வச்சிருக்கீங்கள்லா?”

“இத எப்படி முணுமுணுக்க? இதுல பாட்டா இருக்கு?”

“அதத்தான் அவன்ட்ட சொல்லியிருக்கணும். இப்பச் சொல்லுங்க. என் முன்னால சொல்லுங்க.”

கல்யாணமான நாள் முதல் அப்படி ஒரு குரலில் நான் அவரிடம் பேசியதில்லை. குரல் கொஞ்சமும் குழையவில்லை. அவர் வெளியே பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், கடைசியில் செல்போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

“தம்பி, அருணாசலம் பேசுதேன். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஒரு தப்பு இருக்கு. அந்தப் பாட்டெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குப் பிடிக்கவும் செய்யாது. எல்லாம் எங்க வீட்டுல அவ கேக்கது. நா ஒண்ணும் சொல்லிக்கொடுக்கல.”

அந்தப் பக்கம் கௌதம் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்: “சார், நீங்க எவ்ளோ அடக்கமாப் பேசுறீங்க!”

செல்போனை அவர் கையிலிருந்து வாங்கினேன். “தம்பி, அவரு அடக்கமாப் பேசல. உண்மையப் பேசுதாரு.”

திருத்துகிறேன் என்றார் கௌதம். திருத்தவும் செய்தார். ‘அவரது சேகரிப்பு’ என்று இருந்த இடத்தில் ‘தம்பதியரின் சேகரிப்பு’ என்று மாற்றினார். படம் அப்படியேதான் இருக்கிறது. இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

அதற்குப் பிறகு வீட்டில் நான் ஒன்று சொன்னேன். மத்தியானம் சாப்பாடு முடிந்து கடைக்குத் திரும்பும் வரை நான் இரண்டு காதிலும் மாட்டிக்கொள்வேன். அந்த நேரத்தில் யாருக்கு எது வேண்டுமென்றாலும் எழுந்து வந்து என் தோளைத் தொட வேண்டும், அல்லது வேறு ஆளைக் கூப்பிட வேண்டும். அத்தைக்கு மூட்டுவலி, எழுந்து வர முடியாது. முதல் வாரம் கைக்கு எட்டுகிற பொருளையெல்லாம் என்மேல் எறிந்தார். பனையோலை விசிறி, சீப்பு, ஒரு தடவை உரித்த மாதுளம்பழத்தின் பாதி. இப்போது தன் மகனைக் கூப்பிடப் பழகிவிட்டார். மகன் அந்தப் பெரிய ஹெட்போனை ஒரு காதை விட்டு நகர்த்தி வைத்துக்கொண்டு பழகுகிறார். சந்தோஷமாக இல்லை. இரண்டு பேருமே சந்தோஷமாக இல்லை.

இந்த வருஷமும் மேகம் இறங்கிவிட்டது. போன வாரம் கௌதம் கூப்பிட்டார். கூப்பிட்டது இவருடைய எண்ணுக்குத்தான், அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. இந்த முறை கூட்டத்தைப் பெரிதாக நடத்துகிறார்களாம். சார் ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம்.

இவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு கட்டுக் காகிதத்தை மெஷினுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

“நா பேசுததுக்கு ஒண்ணுமில்ல தம்பி. அவட்ட கேட்டுச் சொல்லுதேன்” என்றார். பிறகு செல்போனைக் கையால் மூடிக்கொண்டு, “போறியா?” என்று கேட்டார்.

“போறேன். அழைப்புல என் பேரு மட்டும் போடச் சொல்லுங்க. தம்பதியருன்னு போட்டா வரமாட்டேன்.”

அதை அப்படியே சொன்னார். அந்தப் பக்கம் கௌதம் ஏதோ கேட்டார். என்ன கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

“இல்ல தம்பி, நா வரல” என்றார் என் கணவர். “அம்மா கூப்பிட்டா போய்ப் பாக்கதுக்கு வீட்டுல ஒரு ஆளு வேணும்லா.”

சொல்லும்போது அவர் குரலில் நல்ல எரிச்சல் இருந்தது. இருக்கட்டும். அவருக்கு இப்போதுதானே ஆரம்பித்திருக்கிறது.